மஞ்சள் விளக்கின் மொழி: எஞ்சின் கோட் ஊவாவுக்கு வந்த கதை

பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஓடுற வாடகை வேன்களில் டிரைவருக்குப் பக்கத்து சீட் கிடைச்சா டாஷ்போர்டை ஒரு தடவை பாருங்க. முருகன் படத்துக்குக் கீழே, எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கலாம். கேட்டா, "அது ரொம்ப நாளா அப்படித்தான் தம்பி, வண்டி ஓடுதுதானே" என்று பதில் வரும். இன்னும் சிலர் விளக்கைக் கண்டதும் பயந்து கராஜுக்கு ஓடுவாங்க. அங்கே ஸ்கேனரைக் குத்தி, திரையில் வந்த பெயருள்ள சாமானை மாத்துவாங்க. ரெண்டு வாரத்தில் விளக்கு திரும்ப எரியும். காசு போனது போனதுதான்.

இந்த ரெண்டு பேருக்கும் பிரச்சினை ஒண்ணுதான். விளக்கு ஏதோ ஒரு மொழியில் பேசுது, அந்த மொழியை யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல்ல. அது எங்கே பிறந்தது, ஊவா மலைக்கு எப்படி வந்தது, எதைச் சொல்லுது, எதைச் சொல்லாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போறோம்.

புகையில் பிறந்த விளக்கு

முதலில் ஒரு ஆச்சரியமான விஷயம். அந்த விளக்கு டிரைவருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை, மெக்கானிக்குக்காகவும் இல்லை. அது காற்றுக்காகப் பிறந்தது.

1940களில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண்ணை எரிக்கிற ஒரு மஞ்சள் புகைமூட்டம் வரத் தொடங்கிச்சு. அது எங்கிருந்து வருதென்று பல வருஷம் யாருக்கும் விளங்கல்ல. 1950களின் தொடக்கத்தில் ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலாளர், காரிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் வாயுக்கள் சூரிய ஒளி பட்டு மாறுவதால்தான் இந்தப் புகை உண்டாகுதென்று காட்டினார். 1967இல் கலிபோர்னியாவில் காற்றுவள சபை அமைக்கப்பட்டது. கார் எவ்வளவு புகை விடலாம் என்பதற்குச் சட்டம் வந்தது.

சட்டம் இறுக இறுக, பழைய காபுரேட்டரால் ஈடுகொடுக்க முடியல்ல. பெற்றோலையும் காற்றையும் மிகச் சரியான அளவில் கலக்கணும். அதுக்கு எலெக்ட்ரோனிக் இன்ஜெக்ஷன் வந்தது. 1970களின் நடுப்பகுதியில் வொல்வோ கார்களில் பொஷ் நிறுவனத்தின் ஒட்சிசன் சென்சர் வந்தது. இது புகைக்குழாயில் உட்கார்ந்து, எரிஞ்ச வாயுவில் ஒட்சிசன் எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டு, ஈ.சி.யு. என்ற சின்னக் கணினி பெற்றோலைக் கூட்டும், குறைக்கும்.

கணினி வந்தபிறகு ஒரு கேள்வி எழுந்தது. சென்சர் ஒண்ணு கெட்டுப்போய், கார் சத்தமில்லாமல் கூடுதலாப் புகை விட்டால் யாருக்குத் தெரியும்? அதனால் காரே தன்னைக் கண்காணிச்சு ஒரு விளக்கை எரிக்கணும் என்று கலிபோர்னியா 1988 மொடல் கார்களிலிருந்து கட்டாயப்படுத்தியது. அந்த முதல் தலைமுறையில் கம்பனிக்கு ஒரு கோட், கம்பனிக்கு ஒரு பிளக். 1990இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. 1996 மொடலிலிருந்து அமெரிக்காவில் விற்கிற எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவமான 16 முனைப் பிளக், ஒரே கோட் பட்டியல். ஓ.பி.டி.-2 என்று சொல்றது இதைத்தான். ஐரோப்பா 2001இல் பெற்றோல் கார்களுக்கு இதேபோலச் சட்டம் போட்டது.

அந்த 1990 சட்டத்தில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கு. புகை சம்பந்தமான பழுதைத் திருத்தத் தேவையான தகவலைக் கம்பனி தன் ஏஜண்டுக்கு மட்டும் கொடுத்தால் போதாது, வெளியில் வேலை செய்கிற மெக்கானிக்குக்கும் கொடுக்கணும். அதாவது, வீதியோரக் கராஜுக்கும் இந்த மொழியைப் படிக்கிற உரிமை இருக்குன்னு சட்டமே ஒத்துக்கொண்டது. 2012இல் மசசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்களித்து இந்த உரிமையை இன்னும் விரிவாக்கினாங்க.

பிறந்த காரணம் புகை என்பதால்தான் அந்த விளக்குக்குச் சில விசித்திரமான குணங்கள். பிரேக் தேஞ்சு போனால் எஞ்சின் விளக்கு எரியாது. பெற்றோல் டாங்கி மூடியைச் சரியா மூடாட்டி, ஆவி வெளியேறுதென்று சில கார்களில் எரியும்.

காதால் கேட்ட தலைமுறை

இந்த வரலாறெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஊவா மலையில் எஞ்சினை யார் பார்த்தாங்க?

தோட்டத்தில் எஞ்சின் முதலில் வந்த இடம் ஸ்டோரு, அதாவது தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை உருட்டுற ரோலர், காயவைக்கிற சிரோக்கோ, இதையெல்லாம் சுத்துறதுக்குத் தண்ணீர்ச் சக்கரம், பிறகு எண்ணெய் எஞ்சின். சக்கரத்துக்கு எங்கட பேச்சில் ரோதை என்று பெயர். ஸ்டோருக்குக் காவலா ரோதமுனி என்ற சாமியையே மக்கள் உண்டாக்கி வைச்சாங்க என்றால், அந்த இயந்திரத்தோடு அவங்களுக்கு இருந்த உறவும் பயமும் விளங்கும். ரோதையில் கை போனால் கை போனதுதான்.

எஞ்சினீயர் என்ற பெயர் கொழும்பிலிருந்தோ சீமையிலிருந்தோ வந்த ஆளுக்குத்தான். ஆனா நடுராத்திரி பெல்ட் அறுந்தால் எழும்பி ஓடியவர் லயத்தில் இருந்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இவங்களில் பெரும்பாலானவங்களை நாடற்றவங்களாக்கியது. பிரஜாவுரிமை இல்லாட்டி அரசாங்க வேலை கிடையாது. மிச்சமிருந்தவங்களுக்கும் பிரஜாவுரிமை தருகிற சட்டம் 2003இல்தான் வந்தது. அதனால் இயந்திர அறிவு புத்தகத்தாலும் சான்றிதழாலும் கைமாறல்ல. ஸ்டோரில், கொழுந்து லொறியில், பிறகு டவுன் கராஜில், ஒருத்தர் செய்யிறதை இன்னொருத்தர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகி வந்தது.

காபுரேட்டர் காலத்தில் அந்த அறிவுக்கு மலையே பள்ளிக்கூடம். பதுளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். அப்புத்தளையில் காற்றழுத்தம் கடற்கரையை விடக் கிட்டத்தட்ட 15 வீதம் குறைவு. கொழும்பில் டியூன் பண்ணிய காபுரேட்டர் அங்கே வந்தால், காற்று ஐதாகி, பெற்றோல் கூடிப்போய், கறுப்புப் புகை விட்டு இழுவையில்லாமல் திணறும். மலை மெக்கானிக் ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்டு, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துச் சரிபண்ணுவார். கறுத்த கரி என்றால் பெற்றோல் கூட. வெளிறிப்போயிருந்தால் குறைவு. அதுவும் ஒரு கோட்தான். படிக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

கம்பித்துண்டால் படிச்ச கோட்

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு ஜப்பானில் ஓடிய பழைய வாகனங்கள் இலங்கைக்கு வந்து குவிஞ்சுது. அங்கேயும் இடப்பக்கம் ஓட்டுறது, ஸ்டியரிங் வலப்பக்கம். மாற்ற ஒண்ணுமில்லை. டவுன்ஏஸ், லைட்ஏஸ், ஹைஏஸ், கொரோலா எல்லாம் மலையேறின. நாள் போகப்போக அவற்றில் காபுரேட்டர் மறைஞ்சு இன்ஜெக்ஷன் வந்தது. காது கேட்டுச் சரிபண்ணுற ஸ்குரூ இல்லை. அதுக்குப் பதிலா ஒரு கறுப்புப் பெட்டி, கொத்துக்கொத்தா வயர். வண்டியோடு வந்த புத்தகம் ஜப்பான் மொழியில்.

ஆனா அந்தக் கால டொயோட்டாக்களில் ஒரு வசதி இருந்தது. எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, மூடியைத் திறந்தால் ஓட்டைகள். அதில் டி.ஈ.1, ஈ.1 என்ற ரெண்டு ஓட்டையையும் ஒரு கம்பித்துண்டால் இணைச்சு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். நிறுத்தாமல் ஒரே சீராச் சிமிட்டினால் குறையில்லை. ரெண்டு தடவை, கொஞ்சம் நிறுத்தி, மீண்டும் ரெண்டு தடவை சிமிட்டினால் 22, தண்ணீர் வெப்பம் பார்க்கிற சென்சர். 41 என்றால் திரொட்டில் சென்சர். ஸ்கேனர் தேவையில்லை. பேப்பர் கிளிப் இருந்தால் போதும். கராஜ் சுவரில் இலக்கங்களை எழுதி வைச்சால், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரும் எஞ்சினோடு பேசலாம்.

மடுல்சீமை சொன்ன பாடம்

இங்கேதான் ஒரு பொறி இருக்கு. 22 வந்தவுடனே சென்சரை மாத்தினால் சரியாகுமா? சில நேரம் ஆகும். பல நேரம் சென்சர் நல்லாத்தான் இருக்கும், வயரை எலி கடிச்சிருக்கும். அடையாளத்தைக் காரணம் என்று நினைக்கிறது பழைய பிழை. அதுக்கு ஊவாவிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு.

1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில், இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொட்டுகள் தெரிஞ்சுது. பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரிகள் இங்கிலாந்துக்குப் போய், அதே வருஷமே அந்தப் பூஞ்சைக்குப் பெயரும் வைச்சாச்சு. ஆனா பெயர் தெரிஞ்சதால் நோய் விளங்கல்ல. மழை, மண், உரம் என்று துரைமார் பலதைக் குற்றம் சொன்னாங்க. 1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் ஆய்வாளர் வந்து, காற்றில் பறக்கிற நுண்வித்துகள் இலையிலிருந்து இலைக்கு எப்படித் தொற்றுது, மலை முழுக்க ஒரே பயிரை நட்டது அதுக்கு எப்படி வழிவிட்டது என்று படிப்படியாகக் காட்டினார். அதுக்குள்ளே கோப்பி சரிஞ்சுகொண்டிருந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடிச்சது. இன்னைக்கு நாங்கள் பார்க்கிற ஊவா அதுதான்.

பொட்டு தெரிவது ஒண்ணு, பெயர் தெரிவது இன்னொண்ணு, காரணம் தெரிவது மூணாவது. ஸ்கேனர் தருவது ரெண்டாவது வரைக்கும்தான். கோட் என்பது ஒரு சாட்சியின் வாக்குமூலம். தீர்ப்பை ஆள்தான் எழுதணும்.

வாக்குமூலத்தை விசாரிப்பது எப்படி

கோட்டின் எழுத்துக்கூட்டல் லேசு. முதல் எழுத்து பி என்றால் எஞ்சினும் கியரும், பி. ஓ. டி. வை. எழுத்துகளில் தொடங்கும் உடல்பகுதிக்கு வேறு எழுத்து, சேஸிக்கு சி, கணினிகளுக்கு இடையிலான பேச்சுக்கு யு. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பனிக்கும் பொதுவான கோட், 1 என்றால் கம்பனியின் சொந்தக் கோட். மூணு உதாரணம் பார்ப்போம்.

பி0301: முதலாவது சிலிண்டரில் பெற்றோல் சரியா எரியல்ல. கணினி இதை எப்படிக் கண்டுபிடிக்குது? ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஒரு தள்ளு வாங்கும். முதலாவதின் முறை வரும்போது தள்ளு குறைஞ்சால் அதுதான் வாக்குமூலம். கொயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்று கணினிக்குத் தெரியாது. செலவில்லாத சோதனை ஒண்ணு இருக்கு. முதலாவது கொயிலைக் கழற்றி ரெண்டாவதில் போடுங்க, அதை இதில் போடுங்க. கோட்டை அழிச்சிட்டு ஓட்டுங்க. இப்போ பி0302 வந்தால் கொயில்தான் குற்றவாளி. திரும்பவும் பி0301 வந்தால் கொயில் நல்லது, பிளக்கைப் பாருங்க.

பி0171: கலவையில் பெற்றோல் போதாது. பலர் உடனே ஒட்சிசன் சென்சரை மாத்துவாங்க. ஆனா சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். ஸ்கேனரில் பியூவல் ட்ரிம் என்ற அளவு வரும், கணினி எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்குது என்ற கணக்கு. நின்ற இடத்தில் அது 20 வீதமாக இருந்து, ரேஸ் கொடுத்தால் 2, 3 வீதத்துக்கு இறங்கினால், எங்கேயோ வெடிச்ச ஹோஸ் வழியாகக் காற்று திருட்டுத்தனமா உள்ளே வருது. மறுபக்கமா, நின்ற இடத்தில் சாதாரணமாக இருந்து, வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும்போது மட்டும் கூடினால், பெற்றோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், பில்டர் அடைச்சிருக்கலாம், காற்றை அளக்கிற சென்சரில் தூசு படிஞ்சிருக்கலாம். கிட்டத்தட்ட 800 மீற்றர் ஏறுற வீதி எங்களுக்கு இருக்கு. அதைவிட நல்ல சோதனைக்கூடம் எந்த ஏஜண்டிடமும் இல்லை.

பி0420: புகையைச் சுத்தம் பண்ணுற கட்டலிடிக் கன்வேர்ட்டரின் திறன் குறைஞ்சிருக்கு. இது விலை கூடிய சாமான். ஆனா புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும், பின் சென்சர் களைச்சிருந்தாலும் இதே கோட் வரலாம். உண்மையிலேயே கன்வேர்ட்டர் செத்திருந்தால், ஏன் செத்தது என்று கேட்கணும். பல நேரம் பதில் பழைய பி0301தான். எரியாத பெற்றோல் கன்வேர்ட்டருக்குள் போய் எரிஞ்சு, உள்ளே இருக்கிறதை உருக்கிடும். அதனால்தான் விளக்கு நின்று எரியாமல் விட்டுவிட்டுச் சிமிட்டினால் ரேஸைக் குறைச்சு, வேளைக்கே நிறுத்தணும். அன்னைக்கு ஒரு கொயிலோடு முடிய வேண்டியதை "வண்டி ஓடுதுதானே" என்று விட்டால் கன்வேர்ட்டர் வரைக்கும் இழுத்துட்டுப் போகும்.

2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அப்படியான குடும்பம் நகையை அடகு வைச்சு, லீசிங்கில் எடுத்த வேனுக்குப் பிழையான சாமான் ஒண்ணை வாங்கினால், அது எத்தனை நாள் கொழுந்து என்று எண்ணிப் பாருங்க.

வாகனம் வராத வருஷங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் ரூபாய் சரிஞ்சு, பெற்றோலுக்கு கியூ.ஆர். வரிசையில் நின்றோம். புது வண்டி இல்லை, சாமான் விலை மலையேறிட்டுது. இருக்கிறதைத் திருத்தி ஓட்டுறவன்தான் பிழைச்சான்.

அந்த வருஷங்களில் ஹைபிரிட் காரர்கள் பயந்த கோட் பி0ஏ80. ஹைபிரிட் பேட்டரித் தொகுதியை மாத்து என்று அதன் பட்டியல் அர்த்தம். ஆனா டொயோட்டா அக்குவா பேட்டரிக்குள்ளே தனித்தனியா 20 துண்டுகள் இருக்கு. ஒண்ணிரண்டு பலவீனமானாலே மொத்தத்துக்கும் கோட் விழும். ஒவ்வொண்ணின் வோல்டேஜையும் சுமை கொடுத்து அளந்து, கெட்டதை மட்டும் மாத்தினால் வண்டி ஓடும். மிச்சத் துண்டுகளும் வயசானவைதான், அதனால் இது நிரந்தரத் தீர்வில்லை என்பதையும் சொல்லணும். உயர் மின்னழுத்தம் உள்ள இடம், பழகாத கை தொடவே கூடாது. ஆனா பேட்டரிக்குக் காற்றடிக்கிற விசிறியின் பில்டரைச் சுத்தமா வைச்சிருக்க யாராலும் முடியும்.

கோட் படிக்கிற கருவியும் மலிஞ்சிட்டுது. கனடாவில் ஒரு சின்ன நிறுவனம் செய்த ஈ.எல்.எம்.327 என்ற சிப்பின் முதல் பதிப்புக்குப் பிரதிப் பாதுகாப்பு போடல்ல. அதைப் பார்த்துப் பிரதி பண்ணின கருவிகள் உலகம் முழுக்கப் பரவி, இன்னைக்குப் போனோடு புளூடூத்தில் சேருது. ஒரு எச்சரிக்கை: ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த சில பழைய கார்களில் 16 முனைப் பிளக் இருக்கும், ஆனா அது பேசுறது கம்பனியின் சொந்த பாஷை. மலிவுக் கருவி அதில் ஒட்டாது. கருவி கெட்டதென்று எறிஞ்சிடாதீங்க.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பினதும் மஞ்சள் விளக்கு எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். முதலில் எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். 2008இல் தொடங்கின புகைச் சான்றிதழ்ப் பரிசோதனை புகைக்குழாயில் வருவதைத்தான் அளக்குது. அந்தச் சான்றிதழ் இருக்கு என்பதற்காக கோட் இல்லை என்று ஆகாது.

பூட்டு இப்போ எங்கே இருக்கு?

கோட் பட்டியல் திறந்து கிடக்கு. கருவி மலிவு. அப்போ எது இன்னும் பூட்டியிருக்கு? விசாரிக்கிற முறை. அது ஆங்கிலத்தில் இருக்கு, அல்லது சிங்களத்தில் நடக்கிற வகுப்பில் இருக்கு. தமிழ்மொழிமூலத் தொழிற்பயிற்சி போதாது என்பது மலையக இளைஞர்கள் பல வருஷமா சொல்லிவரும் குறை. கையில் இருபது வருஷ அனுபவம் உள்ள பாஸ்மாரிடம் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் உள்ள பொடியனுக்குக் காது பழகல்ல.

இதில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கு, பலருக்குத் தெரியாது. கராஜில் கையால் பழகினவரின் முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் தருகிற முறை இலங்கையில் நடைமுறையில் உண்டு. வகுப்பில் திரும்ப உட்காரத் தேவையில்லை, செய்து காட்டணும். உங்க வீட்டில், உங்க டிவிஷனில் அப்படி ஒரு மாமாவோ அண்ணனோ இருந்தால் இதைச் சொல்லுங்க. அந்தப் படிவத்தை நிரப்ப உதவி செய்யிறது எங்களைப் போல ஆட்களால் முடிஞ்ச வேலை.

இன்னொண்ணு, காசு கொடுக்கிறவங்க கேட்கப் பழக வேண்டிய மூணு கேள்வி. கோட் என்ன? அது வந்தபிறகு எதையெல்லாம் சோதிச்சுப் பார்த்தீங்க? மாத்தின பழைய சாமானைத் தருவீங்களா? வேலை தெரிஞ்ச மெக்கானிக்குக்கு இந்தக் கேள்விகள் கோபம் தராது. அவர் கையைத் துடைச்சுக்கிட்டு, ஸ்கேனரை உங்க பக்கம் திருப்பி, "இங்க பாருங்க" என்று சொல்லத் தொடங்குவார். நீங்களும் கிட்டப் போய்ப் பாருங்க.